ஆம்பூர் வானத்துக்கு ஒட்டு

ஆம்பூருக்கு மேலே வானம் பொத்துவிட்டது! கண்டுபிடித்தவர் வான்சித்தர் விண்ணொளியார். காவேரிப்பாக்கத்தில் மடம் வைத்திருந்தவர், ஓட்டையைத் தேடிக்கொண்டு ஆம்பூருக்கே வந்து கல்யாண மண்டபம் பிடித்துவிட்டார். என்ன கருணை!

மண்டபத்தில் பெரிய திரை. அதில் செயற்கைக்கோள் அளந்த ஓசோன் படம். பச்சையும் மஞ்சளுமாக இருந்த தமிழ்நாட்டில், ஆம்பூர் மேல் மட்டும் பட்டையாக வெள்ளை. வேறு ஊராக இருந்தால் அது என்ன வெள்ளை என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆம்பூரில் பாதிப்பேர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டித் தைக்கிறவர்கள்; அவர்களுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. தோலில் பழுது இருந்தால் வெள்ளைக் கோடு போட்டு ஒதுக்குவது அவர்களின் அன்றாட வேலை. வெள்ளையா, பழுதுதான். பழுதா, போடு ஒட்டு! சித்தரும் தோலில்தான் ஒட்டு வைத்திருந்தார். மந்திரித்த ஒட்டு. கூரையில் ஒட்டினால் மறுநாள் வானம் அடைபடும். நாளுக்கு ஒன்றுதான் தருவார், அதுவும் ஏலத்தில். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் அவருக்குச் சமம். ரொக்கம் மட்டும் முன்னால் வந்துவிட வேண்டும்.

முதல் ஒட்டை ஏலம் எடுத்தவள், தையல் பிரிவில் வேலை செய்யும் பாக்யலட்சுமி. காதில் கிடந்த தோட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டாள். மகள் சௌமியாவின் கையில் வெண்புள்ளி; வான ஓட்டை வழியாக இறங்கும் வெயில்தான் அதற்குக் காரணம் என்று சித்தர் சொல்லியிருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் புற ஊதா ஒளி காட்டிச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. “அந்த லைட்டும் ஓட்டை வழியா வர்ற விஷமும் ஒண்ணுதான். இனிமே வேலூர் பக்கமே போகாதே” என்றார் சித்தர். சிகிச்சை நின்றது. பெற்றவளின் பயத்தைப் போலச் சுலபமாக விலைபோகும் சரக்கு உலகத்தில் வேறு இல்லை.

பக்கத்து மிஷினில் தைக்கும் அஃப்ரோஸ், கேள்வி கேட்டே சூப்பர்வைசரைப் பேஜார் பண்ணுகிறவள். விஷயம் கேட்டதும் பிடித்துக்கொண்டாள்.

“லைட் வெச்சப்ப நெறம் திரும்புச்சா இல்லியா?”

“திரும்புச்சுக்கா. மணிக்கட்டுல பாதி மறைஞ்சிடுச்சு.”

“அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்துன? சரி, ஒண்ணு செய். ஒட்டைக் கூரையில ஒட்டாத. பையிலயே கிடக்கட்டும். நாளைக்கு இன்னா சொல்றார்னு பாக்கலாம்.”

“சாமிக்குத் தெரிஞ்சிடுமேக்கா!”

“தெரிஞ்சா நானே அவர் கால்ல வந்து விழறேன்.”

அன்று பாக்யலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை விஷயத்தில் விளையாடுகிறோமோ என்று இரண்டு தரம் ஒட்டை வெளியே எடுத்தாள். ஆனாலும் ஒட்டவில்லை.

மறுநாள் மாலை, திரையில் ஆம்பூர் மேல் பச்சை! மண்டபம் அதிரக் கைதட்டல். சித்தர் அவளை மேடைக்கு அழைத்தார்.

“இந்தத் தாய் ஒட்டினாங்க, வானம் மூடிக்கிச்சு! இவங்க கூரையிலேர்ந்து கிளம்பின ஒளியை ராத்திரி பூரா ஞானக்கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன்!”

பாக்யலட்சுமி சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். ஒட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அதில் புளிச்சோற்றுப் பருக்கை வேறு.

“சாமி, இது கூரைக்கே போவல. டிபன் பாக்ஸ் கூடத்தான் இருந்துது.”

விண்ணொளியார் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “மனசால ஒட்டியிருப்பே தாயே” என்றார்.

“அப்ப தோலுக்கு எதுக்குத் தோடு வாங்கின?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அஃப்ரோஸ் தன் செல்போனை உயர்த்தினாள். “இதே படம் என் போன்லயும் வருது, ஓசியில. கீழ எழுதியிருக்கு பாருங்க: வெள்ளைன்னா அன்னிக்கு அந்த எடத்தை அளக்கலைன்னு அர்த்தம். சேட்டிலைட் பட்டை பட்டையா அளந்துக்கிட்டே போவுது. நடுவுல விட்டுப்போனது வெள்ளையா நிக்கும். மறுநாள் அது நகந்துடும். ஓசோன் சீசனுக்கு சீசன் ஜாஸ்தி ஆவும், கம்மி ஆவும். அதான் கலர் மாறுது. நெஜமா ஓட்டை விழறது தென் துருவத்து மேல. அதுக்கு ஒட்டுப் போட ஆம்பூர் தோல் பத்தாது! இன்னிக்கு வெள்ளை எங்க நகந்திருக்கு தெரியுமா? காவேரிப்பாக்கத்துக்கு. சாமி மடத்து மேலயே!”

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. ஞானக்கண்ணுக்குப் பின்வாசல் மட்டும் சரியாகத் தெரிந்தது. ஆனால் அங்கேயும் ஆட்கள் நின்றார்கள். தோடு திரும்பி வந்தது.

மறுநாள் காலை பாக்யலட்சுமி மகளோடு வேலூர் பஸ்ஸில் ஏறினாள். ஸ்டாண்டில் ஒருவர் அக்கறையாகக் கேட்டார்: “இவன் டுபாக்கூர் சரி. குடியாத்தத்துல நல்ல சாமி ஒருத்தர் இருக்காராமே, தெரியுமா?”

“தையல் விடுதான்னு மொதல்ல இழுத்துப் பாருங்கண்ணா” என்றாள் அவள்.

ஒரு ஜோடி செருப்பு வாங்க நாலு தரம் வளைத்துப் பார்க்கிற மக்களே, சாமியாரை மட்டும் ஏன் பார்த்த உடனே மாட்டிக்கொள்கிறீர்கள்?