கம்பைல் நானாவும் ஒன்பது இடம் பிடித்த ஓமும்

ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையைப் பத்து நாளைக்கு இழுப்பதில் இந்தத் தீவில் கம்பைல் நானாவை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் ஆத்திரத்தில் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆத்திரத்தில்தான் சொல்கிறேன்.

கற்பிட்டிப் பக்கத்தில், கடலையும் கரையோர உப்பேரியான களப்பையும் ஆராய்கிற ஒரு சின்ன நிலையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் நீரோட்டங்களைப் பற்றி அறிக்கை எழுதுகிறவள். அவர் கணினிகளுக்குப் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நிலையத் தலைவரில் தொடங்கி வாசல் காவல்காரர் வரை எல்லோருக்கும் அவர் நானாதான், முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற நானா. நான் ஒருமுறை தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை.

இன்றைக்கு ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஒரே ஒரு கட்டளை போதும். ஆயத்தமாகச் செய்து வைத்தது வந்து இறங்கி, தானாக அமர்ந்துகொள்ளும். நானாவுக்கு அது ஆகாது. மூல நிரலை இறக்கி, டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, தன் கையாலேயே அதை ஓடக்கூடிய மென்பொருளாகக் கம்பைல் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டேன்.

"ஆரு அறுத்ததெண்டு கேக்காம எறச்சி வாங்குவீங்களா மிஸ்?" என்றார்.

நான் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

கம்பைல் செய்வதோடு தொல்லை முடிந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் துணையாக இன்ன லைப்ரரி, அதாவது இன்ன துணை நிரல் தொகுப்பு, வேண்டும் என்று அடம்பிடிக்கும். கலியாணத்துக்கு ஒருவரை அழைத்தால், அவர் மாமியில்லாமல் வரமாட்டேன் என்பார். மாமி தன் மருமகள் இல்லாமல் அசையமாட்டார். மருமகளுக்கோ போன வருடத்துச் சேலைதான் வேண்டும், இந்த வருடத்தது ஆகாது. நானா எல்லோர் வீட்டுக்கும் தானே நடந்து போய் அழைப்பார். லைப்ரரி குறைகிறது, அதனால்தான் சுணக்கம் என்று அவர் சொன்னதைக் கேட்டு, எங்கள் தலைவர் புத்தக அலுமாரி ஒன்றுக்கு ஓடர் கொடுத்துவிட்டார். அலுமாரி வந்தும் சேர்ந்தது. அதில் நானா தேயிலைப் பெட்டியை வைத்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுத்திருப்பேன், கண்டக்குழி விவகாரம் மட்டும் நடந்திராவிட்டால்.

கண்டக்குழிக் கரையில் கரைவலை இழுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அதற்குத் தெற்கே ஒரு பெரிய இறால் பண்ணை வருவதாக இருந்தது. பண்ணையின் கழிவுநீரைக் கடலில் விட ஒரு வாய்க்கால் வெட்டப் போவதாகவும், தண்ணீர் நேரே ஆழ்கடலுக்குப் போய்விடும் என்றும் பண்ணைக்காரர் சொன்னார்கள். வலைக்காரர்களின் தலைவர் பிரான்சிஸ் அண்ணன் அதை நம்பவில்லை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் அந்தத் தண்ணீர் கரையை ஒட்டியே வடக்கே ஏறி, தங்கள் வலை விழுகிற இடத்துக்குத்தான் வரும் என்றார். வாய்க்காலுக்கு அனுமதி கொடுப்பதா என்று முடிவெடுக்கிற கூட்டத்தில் அவர் சொன்னால் எடுபடாது. கணினி சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவர்கள் பிழைப்பு அந்தக் கணக்கில் தொங்கியது.

நீரோட்டக் கணக்குப் போடுகிற மென்பொருளை நான் அன்றே ஒரு கட்டளையில் என் கணினியில் ஏற்றிவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதைக் காணவில்லை. நானா அழித்துவிட்டிருந்தார். நம்புங்கள், அழித்தேவிட்டார். தேநீர்க் கோப்பையை எறியாமல் மேசையில் வைத்ததற்கு எனக்கு யாராவது பட்டம் தர வேண்டும்.

எட்டு நாள் அவர் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தார். தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதினார். மூன்றாம் நாள் ஒரு லைப்ரரி, நிபந்தனைகளுக்குச் சம்மதமா, யெஸ் அல்லது நோ என்று கேட்டது. நானா தமிழில், எங்கள் ஊர் ஆமாவான ஓம் என்று தட்டினார். அது மறுபடி கேட்டது. நானா மறுபடி ஓம் என்றார். இப்படி ஆறு தடவை.

"நானா, யெஸ் எண்டு அடிச்சால் முடிஞ்சுது" என்றேன்.

"நான் சம்மதந்தானே செல்றன். அதுக்கு வெளங்காட்டி அது என்ட பிழயா?" என்றவர், அந்த லைப்ரரியின் நிரலையே திறந்து, யெஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓம் என்பதையும் சேர்த்துவிட்டார். ஏழாவது தடவை அது மரியாதையாக ஏற்றுக்கொண்டது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவு பெருமை.

எட்டாம் நாள் எல்லாம் ஏறி முடிந்தது. கடைசியில், மென்பொருள் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்கிற சோதனைகளை ஓட்டினார். நூற்றுச் சொச்சம் சோதனையில் ஒன்று மட்டும் தோற்று விழுந்தது. ஒன்றுதானே, விட்டுவிட்டுக் கணக்கைப் போடுவோம் என்று கெஞ்சினேன், மிரட்டினேன், கண்டக்குழியில் இருந்து பிரான்சிஸ் அண்ணனைக் கூட்டி வந்தும் சொல்ல வைத்தேன். நானா அசையவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம்தான் பிழை அகப்பட்டது. அது எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அவருடைய ஓமில்.

கொடுத்த பதிலை அந்த லைப்ரரி ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. அதை வாசிக்கிற அடுத்த லைப்ரரி, பதிலுக்கு மூன்று இடம் விட்டு, அதன் பிறகு வருகிற எண்ணைக் கடலின் ஆழம் என்று எடுத்துக்கொள்ளும். யெஸ்ஸுக்கு மூன்று இடம் போதும். எங்கள் ஓமுக்கு, ஓ, ம, மேலே புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் மும்மூன்றாகக் கணினி எண்ணும்போது, ஒன்பது இடம். ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் ஓமின் மிச்சம் கிடந்தது. இரண்டெழுத்து ஒரு கடலையே விழுங்கியிருந்தது.

நான் அன்று பேசிய பேச்சை அச்சில் போட இந்தப் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார். நானா தலையைக் குனிந்துகொண்டு யெஸ் என்று தட்டினார். கணக்கு ஓடி முடிந்தபோது கூட்டத்துக்கு மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓர் அம்மையார், நேரத்தை வீணாக்காதவர். பண்ணைத் தரப்பு நிபுணரின் படத்தில் கழிவுநீர் ஆழ்கடலுக்குப் போயிற்று. என் படத்தில் அது கரையை ஒட்டி ஏறி வலை விழுகிற இடத்தில் தேங்கிற்று. நிபுணர் எழுந்து, உங்கள் மென்பொருளில் ஏதாவது பிழை வந்ததா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையில் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது.

"வந்திச்சி" என்றார் நானா. "ஒரு நாள் முழுக்கப் பிழயாத்தான் கெடந்திச்சி. நான் செஞ்ச பிழ."

இத்தனை குடும்பங்களின் சோறு அந்த மேசையில் இருக்கும்போது எந்த மனிதனாவது இப்படி வாய் திறப்பானா? நானா கொப்பியை விரித்து, ஓம் கதையை முதலில் இருந்து கடைசி வரை சொன்னார். சபை சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். பிறகு நானா நிபுணரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு எத்தின சோதன விழுந்திச்சி சேர்?"

தங்களுடையது ஆயத்தமாக வந்தது, அதில் பிழை வராது என்றார் அவர்.

"ஓட்டிப் பாத்தீங்களா?"

நிபுணர் தன் கணினியைப் பார்த்தார். கணினி அவரைப் பார்த்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை மண்வெட்டி நிலத்தில் படக்கூடாது என்று அம்மையார் முடித்துவிட்டார். நிபுணர் போனவர்தான். வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை.

வெளியே பிரான்சிஸ் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ள, நானா சொன்ன அந்த ஓம் கதை நல்லா விளங்கினது. நீங்க காட்டின படந்தான் ஒண்டும் விளங்கேல்ல" என்றார்.

பிறகு அறிக்கை அச்சுக்குப் போனது. கணினிக்காரர் பெயர் அறிக்கையில் வரும் வழக்கமில்லை என்று நிலையத் தலைவர் நானாவின் பெயரை வெட்டினார். நான் மறுபடி போட்டேன். மறுபடி வெட்டினார். அப்படியானால் என் பெயரும் வேண்டாம் என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இப்போது அந்த அறிக்கையின் முகப்பில் நானாவின் பெயர் முதலாவது, என் பெயர் இரண்டாவது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அகர வரிசை என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் பெயர் அகரத்தில்தான் தொடங்குகிறது.