கர்வாலி மரப் பீப்பாயும் ஜீவத்தண்ணீரும்

பாளையங்கோட்டை,
1910 ஆகஸ்டு.

அம்பாசமுத்திரத்தில் மளிகை வியாபாரம் செய்துவரும் மகா கனம் பொருந்திய சம்பந்தி நேசையா அவர்கள் சமூகத்துக்கு, தேவமணி வாத்தியார் மிகுந்த தாழ்மையோடு எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். தாங்களும் அம்மாளும் சுகந்தானா என்று கேட்க எனக்கு முகமில்லை; ஆனாலும் கேட்காமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லாதபடியால் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அங்கேயும் போகும் என்று நம்புகிறேன். அங்கேயிருந்துதானே இங்கே வருகிறது.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் ஹெப்சிபாவுக்கும் தங்கள் குமாரன் சாலமோனுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்க இருந்த முதல் கல்யாண ஓலையை நிறுத்திவைக்கும்படி சபைக் குருவான ஐயருக்கு எழுதிவிட்டதாகவும், மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசியே குடித்துவிட்டு மேடையில் ஆடினால் அந்த வீட்டில் பெண்ணெடுக்க மனம் வரவில்லையென்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் தங்கை பாக்கியவதி அம்மாள் முன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணால் கண்டதைத்தான் தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஆடவில்லை, நான் பிடித்திருந்த மேஜைதான் ஆடியது; அதற்கு ஒரு கால் கட்டை. அது நிற்க.

ரயில் பாலம் பார்க்க வந்திருக்கும் டூலன் துரை என்கிற ஐரிஷ்காரருக்கு, உத்தியோகத்தை விட்ட பிறகு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷியாக இருந்துவருவது தாங்கள் அறிந்ததே. அவருக்குப் பாடமாக நான் வைத்தது நம்முடைய வேதத்தை. அதனால் துரை பேசுகிற தமிழெல்லாம் வேதத் தமிழ். காய்கறிக்காரி உலகம்மாள் கத்தரிக்காய் கொண்டுபோனால், ஸ்திரீயே, இவைகள் சொத்தையாயிருக்கிறதே என்பார். இந்தத் துரை ஏன் எந்நேரமும் கோயிலில் நிற்கிற மாதிரியே பேசுகிறார் என்று அவள் என்னிடம் விசாரித்தாள். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் குப்புறத் தள்ளியது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று பிற்பகல் வழக்கம்போலப் பாடத்துக்குப் போனேன். துரை வீட்டுக் கூடத்தில் சின்னப் பீப்பாய் ஒன்று இருந்தது. அவருடைய தமையனார் கப்பலேற்றி அனுப்பி, தூத்துக்குடியில் இறங்கி, அன்று காலையில்தான் வந்ததாம். இது என்னவென்று கேட்டேன். துரை பீப்பாய்மேல் கையை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "முன்ஷியாரே, இது ஜீவத்தண்ணீர். என் பிதாக்களின் நிலத்திலே வளர்ந்த கர்வாலி மரத்தை வெட்டி, அதினால் பீப்பாய் பண்ணி, இதை அநேக வருஷம் அதற்குள்ளே வாசமாயிருக்கப்பண்ணினோம்."

சம்பந்தி அவர்களே, தாங்களே என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? இங்கிலீஷில் ஓக் என்கிற கர்வாலி மரத்தை நம்மில் யார் கண்டது? வேதத்தில் ராஜகுமாரன் ஒருவன் தலைமயிர் சிக்கித் தொங்கினானே, அந்த மரம் என்று ஞாயிறு பள்ளியில் படித்ததோடு சரி. அது ஆலமரம் மாதிரியா, புளியமரம் மாதிரியா என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் அதட்டி உட்காரவைத்தவன் நான். ஆண்டவரே வாக்குப்பண்ணின ஜீவத்தண்ணீரைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து கடல் தாண்டி வந்து எதிரே நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புமா? அவர்கள் ஊர்ப் பாஷையில் விஸ்கி என்ற பேருக்கே ஜீவனுள்ள தண்ணீர் என்றுதான் அர்த்தமாம். மறுநாள் துரை சொல்லித்தான் தெரியும். மனுஷன் என்னை ஏமாற்றவில்லை. எழுத்துக்கு எழுத்துச் சரியாக மொழிபெயர்த்திருக்கிறார். பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழு மார்க்கும் நானே போட்டிருப்பேன்.

வாசனை கூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். சாராயம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோக வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். இதற்கு மூக்கு தானாகவே கிட்டப் போயிற்று. கருப்பட்டி காய்ச்சுகிற வாசனை, புதுசாய்ச் செய்த அலமாரியைத் திறந்த வாசனை, நடுவில் கொஞ்சம் கிராம்பு. ஒரு மடக்குக் குடித்தேன். சுக்குக் கஷாயம்போல நெஞ்சு வரைக்கும் சூடு இறங்கியது. ஜீவன் என்று சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு எழுந்து வந்திருப்பேன். ஆனால் துரைக்கு அடுத்த மாதம் தமிழ்ப் பரீட்சை. ருசிகளுக்கெல்லாம் சொல் வேண்டுமென்றார். ருசி பார்க்காமல் வாத்தியார் எப்படிச் சொல் கொடுக்கிறது? இரண்டாம் மடக்கில் இனிப்பு என்றேன். மூன்றாவதில், கடைசியில் நாக்கைப் பிடிக்கிறதே, அது துவர்ப்பு, மரத்திலிருந்து வருகிறது என்றேன். துரை மகிழ்ந்துபோய், வேறொரு புட்டியைக் கொண்டுவந்து இன்னொரு கிளாஸில் ஊற்றினார். அது முன்பு அந்நிய தேசத்துத் திராட்சரசம் இருந்த பீப்பாயில் கிடந்ததாம். அதில் இனிப்பு அதிகம், துவர்ப்புக் குறைவு, வெல்லப்பாகுபோல வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. சொந்த மரத்தில் கிடந்தது அப்படியில்லை. வெற்றிலை போட்டு முடித்த வாய்போல வெகுநேரம் நின்றது. சொந்த மண்ணில் வளர்ந்த மரத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று துரை கேட்டார். சுதேசி என்றேன். சந்தேகமறத் தெரிந்துகொள்ள இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அன்றைக்குப் போல அவர் ஒருநாளும் பாடம் படித்ததில்லை.

அங்கேயிருந்து நேரே கூட்டத்துக்குப் போனேன். நன்றாகத்தான் நடந்தேன், ரோடுதான் வழக்கத்தைவிட அகலமாயிருந்தது. எனக்குக் கொடுத்த பொருள் தண்ணீரின் மேன்மை. நான் என்ன பேசினேன் என்பது பாக்கியவதி அம்மாள் எழுதினதைத் தாங்கள் எடுத்தெழுதித்தான் எனக்கே முழுதும் தெரிகிறது. தாமிரபரணித் தண்ணீரை நான் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் சுதேசி மரத்தில் ஊறின தண்ணீருக்கு அது ஈடாகாது, அந்நியத்தை விட்டு எல்லாரும் சுதேசிக்கு வாருங்கள் என்று கையை ஓங்கினேனாம். இரண்டு வருஷத்துக்கு முந்தின சுதேசிக் கலகத்துக்குப் பிறகு இந்த ஜில்லாவில் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்லுகிறதில்லை. வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். நான் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது ஓடிவந்து தூக்கினது தங்கள் குமாரன்தான். தூத்துக்குடிக் கப்பல் ஆபீசிலிருந்து லீவில் வந்திருந்த பிள்ளை. கான்ஸ்டபிளிடம் போய், "அண்ணாச்சி, அவுக மரத்தப் பத்தித்தான் பேசுதாக, ராஜாங்கத்தப் பத்தி இல்ல" என்று பைய எடுத்துச் சொல்லி, என்னை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். ஹெப்சிபா கதவைத் திறந்தாள். என் சட்டையில் சங்கத்து நீல ரிப்பன் குத்தியிருந்தது. "அப்பா, அதக் கழத்திட்டு உள்ள வாங்க" என்றாள். தாயில்லாப் பிள்ளை, அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்.

காரியதரிசி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வாத்தியார் ஒரு சொல்லைத் தப்பாய்ப் புரிந்துகொண்டதற்கு மகளைத் தண்டிக்கலாமா? மதுவின் வாசனைகூட அறியாத சாலமோனைப்போல ஒரு மாப்பிள்ளை எனக்கு இனி எங்கே கிடைப்பார்? தாங்கள் மனமிரங்கி, ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசிக்கலாம் என்று ஐயருக்கு ஒரு வரி எழுதவேண்டும். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மாளுக்கும் பாக்கியவதி அம்மாளுக்கும் என் தோத்திரம். கடையும் களஞ்சியமும் நிறைந்து தாங்கள் நெடுங்காலம் வாழ ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத,
தேவமணி.

பி.கு.: கடிதத்தை மடிக்குமுன் ஹெப்சிபா வாங்கி வாசித்தாள். மதுவின் வாசனை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, வண்டியிலிருந்து என்னை இறக்கும்போது சாலமோன் சொன்னதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். எனக்கு அது மங்கலாகத்தான் ஞாபகம். வாசலில் நின்ற அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. சாலமோன் என் வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுவந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இது ஸ்காட்லாந்துச் சரக்கு இல்ல மாமா, ஐரிஷ். பத்து வருசத்துக்குக் கொறையாது. மரந்தான் என்ன மரம்னு பிடிபடல" என்றாராம். ஆகவே ஓலையை வாசிப்பதா வேண்டாமா என்று இனி யோசிக்க வேண்டியவள் அவளாம். தாங்கள் ஐயருக்கு எழுதினது எழுதினபடியே இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னாள்.