டைல்ஸ் பாயின் ஒத்திகை

உத்திரமேரூரில் உறை போடாமல் கிடக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் பாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மிக்சி, கிரைண்டர், டிவி ரிமோட் எல்லாம் ஊர் உலகத்தில் எல்லாரும் உறை போடுகிற சமாசாரம். பாய், இளநீர்க்காரரின் அரிவாளுக்குப் பித்தான் வைத்த உறை தைத்தவர். அதைக் கழற்றி அரிவாளை எடுப்பதற்குள் வாடிக்கையாளர் தாகம் தணிந்து போய்விடுவார் என்பது வேறு விஷயம்.

பேருந்து நிலையத்தை ஒட்டி இரு சக்கர வண்டிகளுக்கு சீட்டு கவர் தைக்கிற கடை அவருடையது. கடைப் பலகையில் கூடப் பெயர் இல்லை. ஊர் முழுக்க 'சீட்டு கவர் பாய்'. இந்தக் கோடையில் அவர் 'டைல்ஸ் பாய்' ஆனதற்கு நான்தான் காரணம்.

எனக்கு அப்போது ஒரு தனியார் பால் கம்பெனியில் ஒரு மாதச் சோதனை வேலை. கையெழுத்து நோட்டுக்குப் பதிலாக ஒரு தட்டைக் கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார்கள். குச்சிப் பேனாவால் திரையைத் தொட்டால் எழுதும். சிலேட்டு மாதிரி இருந்ததால் ஊரில் அதற்கு சிலேட்டு என்றே பெயர் விழுந்தது. சாலவாக்கம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் மாட்டின் பெயர், வயது, எத்தனை ஈத்து கன்று போட்டது, எத்தனை லிட்டர் என்று அதில் ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார். திருப்தி என்றால் வேலை நிரந்தரம். சிலேட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் நான் மறுபடியும் 'கம்ப்யூட்டர் படிச்சுட்டு சும்மா கீறான்' பட்டியலில்.

சிக்கல் முதல் நாளே தெரிந்தது. மாட்டுக்கு ஒரு கை, சிலேட்டுக்கு ஒரு கை, பேனாவுக்கு ஒரு கை. எனக்கு ஒன்று குறைந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. ஒரு எருமை திரையை நக்கி, தன் வயதை அறுபத்தாறு என்று தானே பதிவு செய்துகொண்டது.

அன்று மத்தியானம் டீ குடிப்பதற்காக சிலேட்டை பாயின் தையல் மெஷின் மேல் வைத்தேன். அவர் பெடலை நிறுத்தினார். பச்சைக் குழந்தையைத் தொடுவது போல இரண்டு விரலால் அதைத் தொட்டார்.

"இன்னா நைனா, இத்த இப்படியே வெயில்ல தூக்கிக்கினு சுத்துறியா?"

"வேற எப்படி பாய்?"

 அவர் கண் மேலே தொங்கிய ரெக்சின் சுருள்களில் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தது. அந்த நிமிஷம்தான் சிலேட்டுக்கு உறை தைக்கும் யோசனை அவருக்குள் விழுந்தது.

பாயிடம் ஒரு கொள்கை உண்டு. எதைத் தைத்தாலும் முதலில் தானே ஒரு நாள் அதோடு வாழ்ந்து பார்ப்பார். ஆனால் என் சிலேட்டை வைத்து ஒத்திகை பார்க்க அவருக்கே பயம். எதிர்க்கடையில் ஒரு பாத்ரூம் டைல்ஸை வாங்கி, சிலேட்டு அளவுக்கு வெட்டினார். மளிகைக் கடைத் தராசில் ஒரு பக்கம் சிலேட்டு, ஒரு பக்கம் டைல்ஸ். எடை குறைந்ததால் டைல்ஸின் முதுகில் இரண்டு டார்ச் பேட்டரியைக் கட்டினார். முள் நடுவில் நின்றது. "இனிமே இதான் டூப்ளிகேட்டு" என்றார்.

மறுநாள் காலை டீக்கடையில் பாய், கழுத்தில் வாரோடு டைல்ஸ் தொங்க, தென்னங்குச்சியோடு நின்றார்.

"மாஸ்டரு, உன் மாட்டு பேரு இன்னா?"

"எனக்கு ஏது பாய் மாடு? பாக்கெட் பால்தான்."

டைல்ஸில் இரண்டு கோடு இழுத்தார். "பாக்கெட்டு. நிறம் வெள்ள. ஈத்து?"

மாஸ்டர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பாய்க்கு எத்தினி நாளா இப்படி கீது?"

அதே டைல்ஸோடு டவுன் பஸ் ஏறினார். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, டைல்ஸை மடியில் வைத்துக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார். எண்ணெய் பட்டால் துடைக்க வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

முதல் உறை ஸ்கூட்டர் சீட்டு ஸ்பாஞ்சு வைத்தது. உள்ளே போன சிலேட்டு தலையணையாகி வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் சூடேறி அணைந்தும் போனது.

"டைல்ஸு சூடாவல, அதான் தெரியல" என்று பாய் யோசித்தார். அன்று மாலை அவர் மனைவி கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீ அந்தக் கம்ப்யூட்டர எடுத்துக்கினு எங்கியாவது போயிடு. மனுசன் தோசக்கல்லுல டைல்ஸ் சுட்டுக்கினு கீறாரு. புள்ளைங்க சட்னிய வெச்சிக்கினு உக்காந்துக்கினு கீதுங்க. ஒரே பேஜாரா கீது."

அடுத்து குழந்தைக் குடையை வெட்டி வெயில் மறைப்பு. காற்றில் அது பட்டென்று விரிந்ததும் ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை ஓடியது. பேனா தொலையாமலிருக்க, பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் ஒயரில் அதைக் கட்டினார். அபாரமான யோசனை. ஒரு பசு அதை நாக்கால் இழுத்து விட்டபோது பேனா என் மூக்கில் வந்து அடித்ததைத் தவிர, இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், கடைசி உறைக்காக சிலேட்டை பாயிடம் விட்டு வந்தேன். மறுநாள் காலையில், மூடிய உறையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"சார்ஜு ஃபுல்லா கீது. வழியில தொறக்காத, தூசு பூந்துடும்."

எனக்கு நம்பிக்கை. பஸ்ஸில் சாலவாக்கம் போய்ச் சேர்ந்தேன். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி ஒன்பதுக்கே கன்னியம்மாள் வீட்டுத் தொழுவத்தில் நின்றிருந்தார். ஊரில் அதிகம் பால் ஊற்றுகிறவர் கன்னியம்மாள். அவருடைய பசு எந்தப் பதிவேட்டையும் மதிக்காது.

"ஆரம்பிங்க தம்பி" என்றார் அதிகாரி.

நான் குனிந்ததுதான் தெரியும். பசு தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. கொம்பு வாரில் மாட்டி, பக்கிள் தெறித்து, உறை நேராகக் கல் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. உள்ளே 'சடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் என் நிரந்தர வேலை, என் ஒரு மாத வெயில் எல்லாம் உடைந்தது எனக்குக் கேட்டது. உறையைத் திறந்தேன்.

வெள்ளையாக மூன்று துண்டு. நடுவில் நீலப் பூ. இரண்டு டார்ச் பேட்டரி உருண்டு வெளியே வந்தது.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இது எந்த மாடல்?"

கன்னியம்மாள் எட்டிப் பார்த்தார். "எங்க வூட்டு பாத்ரூம்ல இதே பூவுதான் சார் கீது."

 அப்போது தெருமுனையில் ஒரு மொபெட், நடக்கிறவர்கள் முந்துகிற வேகத்தில் வந்தது. பாய். ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை நெஞ்சில். இறங்கி, சட்டைப் பித்தானைக் கழற்றினார். நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் நாலு சுற்றுக் கட்டியிருந்தது என் சிலேட்டு.

"இன்னா பாய் பண்ணி வெச்சிக்கீறீங்க?" குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மாட்டாண்ட டெஸ்டு பண்ணாத பக்கிள்ல ஒரிஜினல எப்படி நைனா மாட்டுவேன்? பத்து மணிக்குள்ள வந்து மாத்திக் குடுக்கலாம்னு பாத்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"டைல்ஸுன்னு தெரிஞ்சா நீ கைய வீசிக்கினு நடப்ப. ஒரிஜினல்னு நெனச்சாத்தான் டெஸ்டு." குனிந்து உடைந்த பக்கிளைக் கையில் எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, புட்டுக்கிச்சு."

சிலேட்டை வாங்கி அழுத்தினேன். திரை எரிந்தது. கீறல் இல்லை. கன்னியம்மாளின் பசுவிலிருந்து ஆரம்பித்து ஏழு மாடுகளை, மூக்கில் அடி வாங்காமல், அதிகாரி முன்னால் ஏற்றி முடித்தேன். அவர் சுருள் ஒயர் பேனாவை இரண்டு முறை இழுத்து விட்டுப் பார்த்தார். "தம்பி தொடரட்டும்" என்றார். கிளம்பும்போது பாயிடம், "அந்தப் பக்கிளை மட்டும் மாத்திடுங்க" என்றார்.

அவர் ஜீப் போன பிறகுதான் கவனித்தேன். பாயின் வலது சட்டைக்கை முழங்கையில் கிழிந்து, ரத்தமும் மண்ணும் காய்ந்திருந்தது.

"எங்க பாய் விழுந்தீங்க?"

"ஏரிக்கர திருப்பத்துல. மணலு. இந்தப் பக்கமாத்தான் விழுந்தேன்" என்று முழங்கையைக் காட்டிவிட்டு, மறு கையால் நெஞ்சைத் தட்டினார். "அந்தப் பக்கம் ஒண்ணும் ஆவல."

பாய் செய்த அத்தனையையும் போட்டுப் பார்த்ததில் கீறல் விழாமல் காத்த உறை அந்த ஒன்றுதான். அது கடையில் கிடைக்காது.

இப்போது மழைக்காலம் வருகிறது. மழை உறை தயார். புது டைல்ஸும் வெட்டியாகிவிட்டது, இந்த முறை மஞ்சள் பூ. வரும் ஞாயிற்றுக்கிழமை பம்புசெட் தண்ணீருக்குக் கீழே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். பாய்க்கு வலது முழங்கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. அதனால் டைல்ஸோடு நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.