மாதாவை ஏலம் விட்டவள்

இதை நான் இன்றுவரை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. பாவமாயிருந்தால்தானே சொல்ல? ஆனால் ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள்: "தோ போவுதே, அந்த ஆயாதான் மாதாவையே ஏலம் வுட்டுச்சு."

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. (புத்தி வருவதற்கு இன்னும் காலம் கிடக்கிறது.) காசிமேட்டில் மீன் ஏலம் விடுவது என் தொழில். படிப்பா? ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் குடியிருந்தேன். ஆறாவது போனதும் வயசுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கிடையாது, அப்பா நிறுத்திவிட்டார். (கணக்கு வாத்தியாருக்கு மட்டும் ஏக சந்தோஷம்.)

எங்கள் மாதா கோவில் மாதர் சங்கம் வருஷா வருஷம் கேக் விற்று, பூப்போட்ட கைக்குட்டை விற்று, வெளிநாட்டு ஏழைப் பெண்களுக்குப் பணம் அனுப்பும். அந்த வருஷம் தான்சானியாவிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தார். எங்கள் தெருவில் பிறந்த பெண்தான்.

"ஆன்ட்டி, இங்க ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு கக்கூஸ் இல்ல. பெரிய பொண்ணானா நின்னுடுதுங்க. அடுத்த வருசம் ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நாலு கட்டணும்."

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. "கைக்குட்ட வித்து நாலு கக்கூஸ் எப்டி கட்டறது? ஏலம் வுடலாம். நான் வுடறேன்" என்றேன்.

சங்கத் தலைவி ரீட்டா டீச்சர், ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், அரை மனசாக ஒத்துக்கொண்டார். "ஜெயசீலி, வெளியாளுங்கல்லாம் வருவாங்க. கொஞ்சம் டீசன்ட்டா பேசணும்."

"இன்னா டீச்சர், நான் இன்னாத்த கலீஜா பேசிட்டேன்?"

அவர் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். (பட்டியல் பெரிது.)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் ஹாலில் ஏலம். மிக்ஸி, பட்டுப்புடவை, ஒரு சேவல், எல்லாம் போயிற்று. நான் பணத்தை எண்ணவில்லை, கக்கூஸாகத்தான் எண்ணினேன். மூன்று தேறியிருந்தது. நாலாவதுக்கு மேஜையில் ஒரே ஒரு மரப்பெட்டி மிச்சம், நீலத்துணி போர்த்திக்கொண்டு.

காசிமேட்டில் ஐஸ் போட்டு மூடிய பெட்டியை ஏலக்காரி திறந்து பார்த்தால் மானம் போச்சு. ஒரு தட்டுத் தட்டுவோம், லேசாய்த் தூக்கிக் கனம் பார்ப்போம், விட்டுவிடுவோம். அப்படியே தட்டினேன். நல்ல கனம். டின்னர் செட் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"மூடின பொட்டி! உள்ள இன்னா கீதுன்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்! கேளு, கேளு!"

ஐஸ் கம்பெனி ஏழுமலை முதலில் கேட்டார். நெற்றி நிறைய நாமம், உடம்பு நிறைய ரோஷம். முன்வரிசையில் ரீட்டா டீச்சர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"டீச்சரும் கேக்குறாங்க! வுட்டுக் குடுக்காத ஏழுமல!"

ஏழுமலை ஏற்றினார். டீச்சர் எழுந்து நின்று, என் கூச்சலில் காதில் விழாத எதையோ சொல்லி, இரண்டு கையையும் ஆட்டினார். விலை இரண்டு மடங்காயிற்று.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

ஏழுமலை துணியை உருவினார். பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்குள்ளிருந்து மாதா என்னைப் பார்த்தாள். வாரம் ஒரு வீடாகப் போய்வரும் எங்கள் சங்கத்துச் சொரூபச் சிலை. கடைசி ஜெபத்துக்காக யாரோ மேஜையில் வைத்திருக்கிறார்கள்.

ஏலம் போன சேவல் கூவியது. (ஆண்டவரைச் சீடரே மறுதலித்தபோது கூவியதும் சேவல்தான். அதற்கு வேதாகமம் தெரியும்.)

"அடிப்பாவி, மாதாவையே வித்துட்டியே! பணத்தைத் திருப்பிக் குடு!" என்று டீச்சர் கத்தினார்.

மேஜையை இன்னொரு தட்டுத் தட்டினேன். "மூணு தரம் சொல்லியாச்சு டீச்சர். முப்பது வருசத்துல ஒரு நெத்திலியக்கூட நான் திருப்பி வாங்குனதில்ல."

"அது மீன். இது மாதா!"

"அந்தம்மா மாட்டுக்கொட்டாயில புள்ள பெத்தவ. ஒதுங்க எடமில்லாத கஷ்டம் அவளுக்குத் தெரியாம உங்களுக்கா தெரியும்? பணத்தத் திருப்பிட்டா நாலாவது கக்கூஸ யாரு கட்டுறது? அந்தப் புள்ளைங்களும் என்ன மாரி மீன் பொட்டி தட்டிகினு கெடக்கணுமா?"

டீச்சர் ஏழுமலையிடம் திரும்பினார். "சார், நீங்களாவது சொல்லுங்க."

அவர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "எனக்கு மூணும் பொண்ணுங்கம்மா. இந்தம்மா என் எடத்துக்கு கெளம்பி வந்துகினு கீது. வராதன்னு எப்டி சொல்றது?"

சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சிரிப்பை அடக்க நெடுநேரம் இருமினார். "சங்கத்துக்கு வேற சொரூபம் வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

நாலும் கட்டியாகிவிட்டது. சிஸ்டர் போட்டோ அனுப்பினார். நாலாவது கதவுக்கு முன்னால் ஒரு நெட்டைப் பெண் பல்லெல்லாம் காட்டி நிற்கிறது. ஐஸ் கம்பெனியில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாதா. சனிக்கிழமை தோறும் சங்கமே அங்கே போய்க் குளிரில் பல் கிடுகிடுக்க ஜெபமாலை சொல்கிறது. முன்னால் நின்று நடத்துவது ரீட்டா டீச்சர். என்னோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டில்தான் என் பிழைப்பு பேஜாராகிவிட்டது. போன மாசம் என் வீட்டுக்காரர் தலை வரைக்கும் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார். பேத்தி ஓடிவந்து அதை விலக்கினாள். "தாத்தா, மூஞ்சியக் காட்டிகினு தூங்கு. ஆயா தொறந்து பாக்காது, வித்துட்டு வந்துடும்!"

விற்கலாம்தான். கேட்க ஆள் வேண்டாமா?