பில்லை காணவில்லை

அந்தக் காலத்துப் பெங்களூரில் குடை இல்லாமல் வெளியே கிளம்பியவர்கள் எல்லாரும், தங்களுக்கும் சேர்த்துப் பில்லை சார் கவலைப்பட்டுக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் கிளம்பினார்கள். கவலைப்பட ஒன்றும் இல்லாத நாளில், எதையோ மறந்துவிட்டோமே என்று அதற்காகக் கவலைப்படுகிற மனிதர் அவர்.

ஐம்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் குமாஸ்தாக்கள். மில்லில் ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளைப் பில்லை உண்டு. காலையில் வந்ததும் பலகை ஆணியில் தொங்கும் தன் பில்லையை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். எட்டு மணிச் சங்கு ஓய்ந்ததும் பெட்டியைப் பூட்டிவிடுவோம். அதற்குப் பிறகு வருகிறவர் பெயர் லேட் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் ஏறும். சிவப்புப் பேனா பில்லை சார் கையில். பக்கத்து நாற்காலிக்காரன் என்றுகூடப் பாராமல் எனக்கு முப்பத்தொரு சிவப்பு வரி எழுதிய புண்ணியவான்.

ஆனால் பட்டப்பெயர் அதனால் வந்ததல்ல. ஸ்ரீராம்புரத்தில் அவருடைய ஒற்றை அறையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய மெடல்கள் இருந்தன. ராஜா முடிசூட்டிக்கொண்ட மெடல், மகாராஜா ஜூபிலி மெடல், யுத்தம் ஜெயித்த மெடல், கண்காட்சி மெடல் என்று மொத்தம் நாற்பத்தேழு. வட்டமாக இருந்தால் அவருக்கு எல்லாமே பில்லைதான். கல்யாணம் ஆகாதவர், குடும்பம் முழுக்க டின்னுக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க அழைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்.

"மூச்சு வுடாதப்பா, செம்பு கறுத்துடும்."

"எவ்ளோ நேரம் சார்?"

"நாப்பத்தேழும் பாத்து முடிக்கிற வரைக்கும்."

பன்னிரண்டாவது மெடலில் எனக்குக் கண் இருட்டியது.

நாடு குடியரசானபோது, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட மெடல் வைத்திருந்தால் ஜெயில் என்று யாரோ புரளி கிளப்பினார்கள். அந்த யாரோ நான்தான். மனிதர் ராஜாக்களை எல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். ஒரு ராஜா சோற்றோடு சேர்ந்து வெந்தார். மூக்கு கொஞ்சம் தேய்ந்த ராஜா அவர். வெந்த பிறகு அவர்மேல் பில்லை சாருக்குப் பாசம் அதிகமாகிவிட்டது.

பூட்டிய வீட்டில் திருடன் புகுந்தால்? அதற்காகத் தினம் ஒரு பில்லையை முறை வைத்துக் கோட்டுப் பையில் எடுத்து வருவார். டின்னோடு போனாலும் ஒன்றாவது பிழைக்குமே என்ற கணக்கு.

இப்படி இருக்கையில் மில்லுக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது. ஐந்து வருஷம் ஒரு நாளும் லேட்டாகாதவர்களுக்கு, அவரவர் பெயர் பொறித்த வெண்கல மெடல் தருவதாக அறிவித்தார்கள். பில்லை சாருக்கு ஐந்து வருஷம் நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"நாப்பத்தேழு வச்சிருக்கேம்பா. ஒண்ணுலகூட எம்பேரு இல்ல," என்றார்.

மில்லில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கும்தான்.

அந்த மாதம் முழுக்க அவர் தூங்கவில்லை. இரண்டு அலாரம் கடிகாரம் வாங்கி, இரண்டும் அடிக்கின்றனவா என்று விழித்திருந்து பார்த்தார். பத்து நிமிஷ நடைக்கு ஆறு மணிக்கே கிளம்பி, வழியில் மார்க்கெட் முனையில் பொழுதைப் போக்கிவிட்டு வந்தார். "சங்கு ஊதறவன் கடியாரம் ஃபாஸ்ட்டா ஓடினா இன்னா பண்றது?" என்று என்னைக் கேட்டார். அவர் கவலை எனக்கும் தொற்றிக்கொண்டு, அந்த மாதம் நான்கூட ஒரு நாளும் லேட்டாகவில்லை.

கடைசி நாள் வந்தது. ஏழரை மணிக்கு மார்க்கெட் முனையில் டீ குடித்துவிட்டுக் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். பை காலி.

"ஐயோ, என் பில்லையைக் காணோமே!"

நம் ஊர்த் தமிழில் எந்த 'ல' எந்த 'ள' என்று யார் பார்க்கிறார்கள்? கேட்ட அத்தனை பேர் காதிலும் பிள்ளை என்றுதான் விழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தாள்.

"எத்தினி வயசுப்பா?"

"எங்கிட்ட வந்து மூணு வருஷம் ஆச்சும்மா."

"அடையாளம்?"

"செம்பு நெறம். மூக்கு கொஞ்சம் தேஞ்சிருக்கும்."

"இன்னா சொக்கா போட்டிருந்த?"

"சொக்காவா? செவப்பு ரிப்பன் மட்டுந்தான்."

"அடப்பாவி, இந்தக் குளிர்லயா! எங்க வுட்ட?"

"கோட்டுப் பையிலதான் வச்சிருந்தேன்."

பாவம், துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்து, ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்கள். யாரோ அழுகிற இரண்டு குழந்தைகளைத் தூக்கி வந்து, இதுவா பார், அதுவா பார் என்றார்கள். நேரமாகிறதே என்று அவர் எழுந்தார். நாலு பேர் அழுத்தி உட்கார வைத்தார்கள்.

"புள்ளையத் தொலைச்சிட்டு வேலைக்கு ஓடறியே, நீயெல்லாம் மனுசனா?"

இங்கே டைம் ஆபீசில் நான் கடிகாரத்தையும் கேட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஐம்பத்தைந்து. ஆளைக் காணோம். சங்கு ஊத ஆரம்பித்தது. முப்பத்தொரு சிவப்பு வரியும் மறந்துபோய், அவர் பில்லையை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

எட்டு மணி நாலு நிமிஷத்துக்கு வந்தார். தலை சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. காணாமல் போன குழந்தையை விசாரிக்க வந்த ஒரு கன்னடக்காரக் கான்ஸ்டபிள் அவர் கையைப் பிடித்திருந்தார். பின்னால் பூக்காரம்மாவும் இருபது பேரும். அவர் கண் நேரே பலகைக்குப் போனது.

"யாருப்பா போட்டது?"

"நீங்கதான் சார். மறந்துட்டீங்க."

"பொட்டியத் தொற."

திறந்தேன். தன் பில்லையைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்து ரிஜிஸ்டரில் எழுதினார். அவர் முழுப்பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த வரியில்தான்.

"நாலு நிமிஷம்தானே சார்," என்றேன்.

"எம்பேரு போட்ட பில்லைப்பா. பொய் சொல்லி வாங்கினா டின்ல எந்த மூஞ்சோட வைப்பேன்?"

பேனாவைக் கோட்டுப் பையில் போட்டார். அது ஓட்டை வழியாக உள்துணிக்குள் இறங்கி 'டங்' என்றது. விரலை விட்டுத் துழாவினார். சிவப்பு ரிப்பனோடு வெந்த ராஜா வெளியே வந்தார்.

கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். "ஈ பில்லேனா? மகு அல்வா?" இந்தப் பில்லையா, குழந்தை இல்லையா என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எல்லாரும் திட்டப்போகிறார்கள் என்று நான் பயந்தேன். பூக்காரம்மா மட்டும் நிதானமாகச் சொன்னாள்:

"கெடச்சுதே, அது போதும். போய் ஒரு சொக்கா தெச்சுப் போடு."

அவர் தைத்துப் போட்டார். நாற்பத்தேழுக்கும்.

மெடல் கொடுத்த அன்று ஐந்து பேர் மேடை ஏறினார்கள். பில்லை சார் எல்லாருக்கும் கை தட்டினார். எனக்குத் தட்ட வரவில்லை.

இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது பிள்ளையைக் காணோம் என்று கத்தினால், நான் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன்.