அழகான பழசு

பகலில் தூங்க ஒரு கட்டில் வேண்டும் என்பது பேராசை அல்ல. எங்கள் குடியிருப்பில் இருக்கும் கிடங்குக் காவலர் ஒருவர் தன் துறையிடம் கேட்டது அவ்வளவுதான். விடிய விடியக் கிடங்கைக் காத்துவிட்டு வந்து, துறை கொடுத்த கட்டிலில் சாய்ந்தால் அது தள்ளாடியது. ஒரு காலைப் பூச்சி அரித்து மாவாக்கியிருந்தது. 'மேற்படி கட்டில் முதுமை எய்தியமையை அதிகாரி நேரில் கண்டு உறுதி செய்வார்' என்று ஒருவழியாகப் பதில் வந்தது.

அதிகாரி வருகிற அன்று காலையில் காவலர் வீடு திரும்பினார். கட்டில் வெள்ளையாக நின்றது, பக்கத்தில் பெயின்ட் கையோடு மனைவி.

"என்னடி இது?"

"இப்ப எல்லா வீட்லயும் இதாங்க ஃபேஷன். வெள்ளைப் பெயின்ட்ல தண்ணி கலந்து பூசி, காயறதுக்குள்ள துணியால துடைச்சு, ஓரத்தை உப்புத்தாள்ல தேய்க்கணும்."

"அடிப்பாவி! அதிகாரி வர்றப்போ பழசாத் தெரியணுமே!"

"பழசாத் தெரியத்தானே இவ்வளவு பாடு? தோள்பட்டையே கழண்டு போச்சு."

"அது ஏற்கெனவே பழசுதானேடி!"

"அது வெறும் பழசு. இது அழகான பழசு."

அதிகாரி வந்தார். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது புதுசா, பழசா?"

"பழசுதான் சார்."

"பழசுன்னா ஏன் வெள்ளை?"

"பழசாத் தெரியறதுக்கு சார்" என்றாள் மனைவி.

அதிகாரியின் முகம் இறுகியது. "இயற்கையான முதுமைக்குத்தான் மாற்றுக் கட்டில். செயற்கை முதுமைக்கு விதியில் இடமில்லை."

"ஐயா, இந்த ஓட்டையைப் பாருங்க. பூச்சி அரிச்சது" என்றார் காவலர்.

"என்கிட்டயேவா? என் மச்சினியும் அலமாரியில ஆணியால இப்படித்தான் குத்தி வெச்சிருக்கா. ஆனா இவ்வளவு தத்ரூபமா வரல. அட, மாவுகூடக் கொட்டுதே! என்ன கைவேலைம்மா!"

காவலருக்குக் கண் எரிந்தது. "நீங்களே உட்கார்ந்து பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க."

அதிகாரி உட்கார்ந்தார். படக்கென்று கால் முறிந்தது. அடுத்த நொடி அவர் தரையில் இருந்தார். இனிமேல் சந்தேகத்துக்கே இடமில்லை என்று காவலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்த அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"உடையற மாதிரியேகூடச் செஞ்சிருக்கீங்களேம்மா!"

மேற்படி கட்டில் 'மாதிரிக் கட்டில்' என்ற தகுதியில் தலைமை அலுவலகத்துக்கு ஏற்றப்பட்டது. கொஞ்ச நாளில் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் புத்தம்புதுக் கட்டில் வந்து இறங்கியது. வெள்ளைப் பூச்சு, தேய்ந்த ஓரம், ஆணி குத்திய ஓட்டை, பாதி அறுத்த ஒரு கால். எல்லாம் மாதிரிப்படி. காவலருக்கும் ஒன்று கிடைத்தது. கேட்டது கிடைத்துவிட்டதால் அவர் மறுபடி விண்ணப்பிக்க வழியில்லை. "படுத்துடாதீங்க, அழகு கெட்டுடும்" என்கிறாள் மனைவி. அவர் அதன் பக்கத்தில் தரையில் படுத்து, பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

என் வீட்டுக் கட்டிலின் காலை மட்டும் தச்சர் அறுக்க மறந்துவிட்டார். அதில் நன்றாகவே தூக்கம் வந்தது. ஆனால் அக்கம்பக்கத்தில் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று நேற்று நானே ஒரு ரம்பம் வாங்கி வந்தேன்.