கரடியின் நெற்றி மடிப்பு

கசங்கிய நோட்டை இஸ்திரி போட்டால் புதுசாகிவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. உலகம் இதற்கு முன்பும் பல விஷயங்களில் தவறியிருக்கிறது. ஆனால் இவ்வளவு மோசமாகத் தவறியதில்லை. சூடு பட்ட நோட்டு செத்த நோட்டு. பழைய நோட்டு சேகரிப்பவர்கள் கள்ளநோட்டைக்கூட ஒரு ரகம் என்று மன்னித்துச் சேர்த்துக்கொள்வார்கள். இஸ்திரி போட்டவனைச் சேர்க்கமாட்டார்கள்.

இந்தத் தர்மத்தை நம் புரூப் ரீடர் மனைவிக்கு ஆயிரம் தடவையாவது விளக்கியிருப்பார். பிறர் பிழையைத் திருத்துவது அச்சகத்தில் அவருக்கு உத்தியோகம், வீட்டில் பொழுதுபோக்கு. இன்னொரு பொழுதுபோக்கு லித்துவேனியா. அந்த நாடு சோவியத்தை விட்டு வந்த புதிதில், சொந்தப் பணம் தயாராகும்வரை தாக்குப்பிடிக்கத் தற்காலிக நோட்டு அடித்தது. அதில் தலைவர்கள் இல்லை. பறவை, நீர்நாய், கரடி. மிருகக்காட்சிச் சாலை டிக்கெட் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்தார்களாம்.

அந்த மிருகங்கள் அனைத்தும் ஓர் ஆல்பத்துக்குள், ஜன்னலோர மேசையில் குடியிருந்தன. வீட்டில் வெளிச்சம் விழும் ஒரே மேசை அதுதான். மனைவியின் தையல் மெஷின் சமையலறை மூலையில், ஊசிக்காது தெரியாத இருட்டில். போன மாதம் பெரிய சண்டைக்குப் பிறகு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: "இனிமே ஒரு நோட்டு வாங்கினேன்னா இந்த மேசை உனக்கு."

வாக்கு மூன்று வாரம் தாங்கியது. நெற்றியில் மடிப்பே விழாத கரடி ஒன்று விலைக்கு வந்தது. அவருடைய கரடிக்கோ நெற்றிக்குக் குறுக்கே மடிப்பு. அந்த மடிப்பைப் பற்றி அவர் புலம்பாத நாளில்லை. பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைச் செருகினால் யாருக்குத் தெரியும்? கரடிக்குக் கரடி சரியாய்ப் போயிற்று. பழைய கரடி ஆபீஸ் பைக்குள் ஒளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் சங்கச் செயலாளர் வந்தார். கையில் எப்போதும் பூதக்கண்ணாடி. அதனால் சங்கத்தில் அவர் பெயர் லென்ஸ். டீ கொண்டுவந்த மனைவி ஆல்பத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தக் கரடிக்கு நெத்தியில கோடு இருக்குமே?"

"அது... இந்த வெளிச்சத்துல தெரியாது."

"வெளிச்சத்துல தெரியாதா? அப்ப என் மூலைக்குக் கொண்டுவாங்க, அங்க நல்ல இருட்டு. அண்ணா, நீங்க பாருங்க. கோடு இருக்கா?"

லென்ஸ் குனிந்தார். "இல்லையேம்மா. பிறந்த குழந்தை மாதிரி இருக்கு."

"அதான பாத்தேன். புதுசு வாங்கியிருக்க மாட்டாரு, வாக்குக் குடுத்திருக்காரு. செவ்வாக்கிழமை கடைக்குப் போயிட்டு வந்தா இஸ்திரிப் பெட்டி சுட்டுச்சு. சட்டையெல்லாம் கசங்கித்தான் கெடந்துச்சு."

லென்ஸ் டீயைக் கீழே வைத்தார்.

"இஸ்திரியா? நீயாப்பா?"

"ஐயோ சார், நான் அதைத் தொடவே இல்ல."

"பின்ன மடிப்பு தானா எழுந்து போச்சா? அடுத்த வாரம் சங்கக் கூட்டம். நான் என்னன்னு சொல்றது?"

புரூப் ரீடர் மேசையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் சாசரில் சிந்திய டீயை வெகு அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கினேன்," என்றார். "தபால்ல. பழசு பைல இருக்கு."

பழைய கரடியின் மடிப்பை லென்ஸ் இரண்டு நிமிஷம் பரிசோதித்தார். முகம் மலர்ந்தது. "நல்லவேளைப்பா. ஒரு நிமிஷம் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்."

அவர் போன பிறகு புரூப் ரீடர் கேட்டார். "எத்தனையோ நோட்டு இருக்கு. அந்த ஒரு கோடு உனக்கு எப்படி ஞாபகம் இருந்துச்சு?"

"நான் எங்க அதைப் பாத்தேன்? தினம் சோத்துக்குத் தொட்டுக்க அந்த மடிப்பத்தானே பேசுனீங்க? இன்னிக்கு ஆசையா பாக்க வந்தா, காணோம்."

"அப்ப இஸ்திரிப் பெட்டி?"

"அது கெட்டுப்போயி ரெண்டு வாரமாச்சு. நீங்க ஒரு நாளாவது தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் காலை ஜன்னலோரம் தையல் மெஷின் ஓடியது. கரடியும் நீர்நாயும் இஸ்திரி மேசைக்குக் குடிபோயின.